காது வழியே இறங்கிய பதினேழு பேர்

பங்குனி உத்திரம் கழிந்த திங்கட்கிழமை, காலை பத்து மணி வெயிலில், செங்குளத்துக்குப் பாதை பிரிகிற விலக்கில் பக்கீர் மைதீன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கொத்தனார் தங்கப்பழம் எனக்குச் செய்த துரோகத்தை முன்பின் தெரியாத ஒரு லாரி டிரைவருக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, என் இடது காது அரித்தது, தீக்குச்சியின் மருந்தில்லாத முனையை விட்டு லேசாகக் குடைந்தேன், அந்தக் குச்சியைப் பிடித்துக்கொண்டு தலையில் சும்மாடு வைத்த ஒரு பெண் வெளியே இறங்கி வந்தாள்.

கடுகளவுதான் இருந்தாள். என் தோளில் குதித்து, அங்கிருந்து பெஞ்சுக்குத் தாவி, வெளிக்காற்று மேலே பட்டதும் ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்ப ஆரம்பித்து, பக்கீர் ஒரு டீயை ஆற்றி முடிப்பதற்குள் நம் ஊர்ச் சித்தாள்கள் எந்த உயரம் இருப்பார்களோ அந்த உயரத்துக்கு வந்து, சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, "எப்பா, என்னா வெக்கை" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு மண்வெட்டி வந்தது, மண்வெட்டியைப் பிடித்தபடி ஒரு ஆள் வந்தான், அப்படியே ஒருவர் பின் ஒருவராகப் பதினேழு பேர் வந்து பெஞ்சிலும் தரையிலும் வேப்பமரத்து வேரிலும் உட்கார்ந்தார்கள்.

பக்கீர் நாற்பது வருஷமாக விலக்கில் கடை வைத்திருப்பவர். எந்த பஸ்ஸிலிருந்து யார் இறங்கினாலும் அவருக்கு ஒரே கேள்விதான்.

"மொத்தம் எத்தனை டீ தாயி?"

"பதினேழு. அதுல ரெண்டு சீனி இல்லாம."

லாரி டிரைவர் இதுதான் சமயம் என்று எழுந்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். துரோகத்தின் பாதியைத்தான் அவர் கேட்டிருந்தார்.

மீதிப் பாதியை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் இந்தக் கதை நகராது. நான் மாசானமுத்து, சென்ட்ரிங் மேஸ்திரி. மாடிக்குக் கான்கிரீட் போடுமுன் அடியில் பலகை அடித்து, பலகைக்கு முட்டுக் கொடுத்து, கான்கிரீட் இறுகித் தன் காலில் தானே நிற்கும்வரை அதைத் தாங்கி, பதினாலாம் நாள் முட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவது என் தொழில். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது, ஆனால் பதினாலு என்ற எண்ணை என்னைவிட நன்றாக அறிந்தவன் இந்தத் தாலுகாவில் இல்லை. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் கல்யாண மண்டபத்து முகப்புக்கு நான் சென்ட்ரிங் அடித்தேன், தங்கப்பழம் கொத்தனார். பதினாலாம் நாள் பிரித்தால் நடுப்பகுதி எருமை முதுகு மாதிரி இரண்டு அங்குலம் தொய்ந்து கிடந்தது. எவனோ நடு முட்டு இரண்டை முன்னாடியே உருவியிருக்கிறான் என்று நான் தலையில் அடித்துச் சொன்னேன். "அவன் முட்டு வச்ச மண்ணே சரியில்லை" என்று மண்டபத்துக்காரரிடம் தங்கப்பழம் சொன்னான். ஊர் அவனை நம்பியது, எனக்குத் தொய்வு மாசானம் என்று பேர் வைத்தது.

அன்றிலிருந்து நாங்கள் பேசுவதில்லை. ஆனால் விலக்கில் டீ நன்றாக இருக்கிற கடை ஒன்றுதான். அதனால் தினமும் பத்து மணிக்கு ஒரே பெஞ்சின் இந்த முனையில் நானும் அந்த முனையில் அவனும் உட்காருவோம். நடுவில் இரண்டு பேருக்கு இடம் இருக்கும், அதில் ஊரில் யாரும் உட்காரமாட்டார்கள். ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், "பக்கீரு, அவன்ட்ட சொல்லு" என்று நான் சொல்வேன். இரண்டு முழம் தள்ளியிருக்கிற அவன் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருப்பான், பக்கீர் டீயை ஆற்றிக்கொண்டே அதை மறுபடி சொன்னதும்தான் அவனுக்குக் காது கேட்கும்.

வந்தவர்களில் முதலில் இறங்கியவள்தான் தலைவி. பேர் என்ன என்று பக்கீர் கேட்டதற்கு, முள்ளெலி என்றாள்.

"அது என்ன தாயி அப்பிடி ஒரு பேரு?"

"எங்களுக்குப் பேரு வச்சவங்க நாங்க செய்யுத வேலையைப் பார்த்து வைக்கல. நாங்க வேலைக்கு வராத அன்னைக்கு என்ன கேடு வந்துச்சோ அதைப் பார்த்து வச்சாங்க. நான் வரலேன்னா வயித்துக்குள்ள பிள்ளை முள்ளெலி மாதிரி சுருண்டு போயிரும். இவ ஒத்தக்கண்ணி, இவ வரலேன்னா ரெண்டு கண்ணு ஒண்ணாயிரும். அவன் சிறகத்தான், அவன் வரலேன்னா சிறகு மொளைக்காது. அது ஈக்கும் பூச்சிக்கும் வேலை பார்த்த காலத்துல வந்த பேரு."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும் ஊர் அப்படித்தானே பேர் வைத்திருக்கிறது.

"இங்க எப்ப வந்திய?" என்று கேட்டேன்.

"ஒங்க அம்மா வயித்துல ஒங்களுக்கு ஒரு மாசம்கூட ஆகல அண்ணாச்சி. அப்ப ஒங்க தலையைக் கட்டுத வேலைக்கு வந்தவங்கதான். இன்னைக்குத்தான் முதல் டீ."

"இத்தனை நாள் இல்லாம இன்னைக்கு என்ன?"

முள்ளெலி டீயை ஊதினாள். "கோவிச்சுக்கிடாதிய. மண்டபத்துக் கதையை ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லுதிய. ஒவ்வொரு தடவையும் அந்தக் கணுவுல, அதான் அந்த நெனப்பு கெடக்க எடத்துல, ஆளு நின்னாகணும். பதினேழு பேருல எட்டுப் பேரு அந்த ஒரு கணுவுலதான் கெடக்காங்க. நாக்கு வறண்டுபோச்சு."

பெஞ்சின் அந்த முனையில் தங்கப்பழம் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் தொழில் தெரிந்தவன், அடுத்த கேள்வியைக் கேட்டேன். "கட்டடம் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சு அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"சாரம் பிரிச்சாச்சா?"

"இல்ல அண்ணாச்சி. நிக்குது."

பக்கீரின் கை அப்படியே நின்றது. கட்டடம் முடிந்து அறுபது வருஷம் சாரம் நிற்கிறது என்றால் அந்தத் தொழிலாளிக்கு அதைவிட வெட்கம் வேறு கிடையாது.

"பக்கீரு," என்றான் தங்கப்பழம், "அவன்ட்ட சொல்லு. ஊரு வீட்டுக்கெல்லாம் முட்டுப் பிரிச்ச ஆளு, சொந்தத் தலைக்கு இன்னும் முட்டுக் குடுத்து நிப்பாட்டியிருக்காராம்லா. அதான் மண்டபம் தொய்ஞ்சுது."

பக்கீர் அதை என்னிடம் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இருக்கவில்லை, கடையே சிரித்துவிட்டது. எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது.

"பிரிங்க," என்றேன் முள்ளெலியிடம். "இன்னைக்கே பிரிச்சு வெளிய போடுங்க."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அண்ணாச்சி, நீங்க கல்லையும் சிமிட்டியையும் நெனச்சுப் பேசுதிய. அது ஒருதடவை இறுகினா நிக்கும். ஒங்க தலைக்குள்ள இருக்கது வேற. கம்பிக்கு எதிர்ல கம்பி, கம்பிக்கு எதிர்ல கம்பி, கோடிக் கம்பி. ஒரு முனை இன்னொரு முனையைப் பார்த்துக்கிட்டு நிக்கணும். ஒட்டவும் கூடாது, வெலகவும் கூடாது. நடுவுல மயிரிழை எடம், இந்தப் பக்கம் கூப்பிட்டா அந்தப் பக்கம் கேக்கணும். சின்னதுல அதைக் கட்டினதும் நாங்கதான், அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் கையால பிடிச்சுக்கிட்டு நிக்கதும் நாங்கதான். அது இறுகிப் போற சாமானே இல்ல. விட்டா சுருண்டுக்கிடும்."

"எனக்குச் சென்ட்ரிங் படிச்சுக் குடுக்கியா?" என்றேன். "பிரின்னா பிரி."

முதலாளி சொன்னால் மறுத்துப் பேசுகிற ஆட்கள் இல்லை அவர்கள். கடுகளவாகச் சுருங்கி உள்ளே போய், சாயங்காலத்துக்குள் வேலையை முடித்துவிட்டார்கள். பல்குச்சி பல்குச்சியாக என் காதிலிருந்து வந்த சவுக்குக் கட்டைகள் தரையில் விழுந்ததும் பத்தடி பன்னிரண்டடி என்று நீண்டன, கயிறு நூலாக வந்து வடமானது, மாலை நான்கு மணிக்கு டீக்கடைக்குப் பக்கத்தில் என் தோள் உயரத்துக்குச் சாரக்கட்டைகள் அடுக்கிக் கிடந்தன. என் தலை அவ்வளவு லேசாக இருந்தது. சலூனில் முடிவெட்டி முடித்து எழுந்த மாதிரி கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஊர் அந்தப் பதினேழு பேரையும் ஒரே வாரத்தில் தனக்குள் வாங்கிக்கொண்டது. பஞ்சாயத்துத் தலைவி சமுதாயக் கூடத்துச் சாவியைக் கொடுத்தார். நூறு நாள் வேலைக்கு அட்டை போட வந்த கிளார்க் முகவரி கேட்டபோது, "மாசானமுத்து தலை, இடது காது வழி" என்று முள்ளெலி சொன்னாள், அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு, பின்கோடு விலக்குப் பின்கோடுதானே என்று மட்டும் கேட்டார். எங்கள் தலைக்குள்ளும் ஆட்கள் இருக்கிறார்களா என்று பெண்கள் கேட்டார்கள். எல்லார் தலைக்குள்ளும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வெளியே வர நேரமில்லை என்றாள் ஒத்தக்கண்ணி. அதைக் கேட்டதிலிருந்து பள்ளிக்கூடத்தில் குட்டு வைப்பதை வாத்தியார் நிறுத்தினார், உள்ளே ஆள் வேலை செய்யும்போது மேலிருந்து தட்டக் கூடாது என்று. சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கிறவர்கள் காதோரம் இரண்டு சொட்டு கூடுதலாக விட்டுக்கொண்டார்கள். அந்தப் பதினேழு பேரும் தொட்ட எதுவும் அப்புறம் விட்டுப்போகவில்லை, வாளிக் கைப்பிடி, கட்டில் சட்டம், தையல்கடைக் கிழிசல், எல்லாம் அப்படியே பிடித்துக்கொண்டது. என் சாரக்கட்டைகளை இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழாப் பந்தலுக்கு எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் கேட்டார்களா என்று எனக்கு நினைவில்லை.

நினைவில்லை என்பது அப்போதே தொடங்கிவிட்டது. முதலில் சீப்பு என்ற வார்த்தை போனது. கையில் அது இருக்கிறது, பேர் வரவில்லை. அடுத்து எங்கள் தெரு வலது பக்கமா இடது பக்கமா என்பது போனது. பிறகு என் வீட்டுக்காரி வள்ளிமயிலின் பேர் போனது, ஆனால் கல்யாணமான நாளிலிருந்து நான் அவளை "ஏய்" என்றுதான் கூப்பிட்டு வந்தேன், அதனால் அது போனது எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

கண்டுபிடித்தவன் தங்கப்பழம்தான்.

ஒன்பதாம் நாள் பத்து மணிக்கு அவன் கடைக்கு வந்தபோது, நான் பெஞ்சின் நடுவில், யாரும் உட்காராத அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேனாம். அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க தங்கப்பழம், சௌக்கியமா? வீட்டுல எல்லாரும் சுகமா?" என்று கேட்டேனாம். பக்கீரின் கையிலிருந்து டம்ளர் விழுந்து உடைந்தது. தங்கப்பழம் முகம் வெளுத்து, டீ சொல்லாமலே திரும்பி, செருப்பு ஒரு பக்கம் இழுக்க இழுக்க எங்கள் வீட்டுக்கு ஓடினான். முப்பத்தோரு வருஷமாக அவன் மிதிக்காத வாசல் அது.

"தங்கச்சி! ஒன் வீட்டுக்காரன் என்ட்ட பேசிட்டான்! சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ!"

வள்ளிமயில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். "திட்டினாரா?"

"இல்லம்மா. சௌக்கியமான்னு கேட்டான்."

மாவுக் கையோடு எழுந்துவிட்டாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் என் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, இவ்வளவு சுத்தமான காதைப் பார்த்ததில்லை என்றார். உள்ளே ஆள் இல்லை, வந்தால்தான் ஏதாவது செய்யமுடியும் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து வள்ளிமயில் எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டுவிட்டு, நல்ல ருசி என்று சொல்லிவிட்டு, மரியாதையாகக் கேட்டேன்:

"நீங்க யாரு வீட்டம்மா?"

அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள். "மாசானமுத்து வீட்டம்மா."

"அவரு எங்க?"

"வேலைக்குப் போயிருக்காரு," என்றாள். "இப்ப வந்துருவாரு." சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாளாம்.

இதெல்லாம் வள்ளிமயில் பின்னால் சொல்லி நான் அறிந்தது. அவள் எதையும் கூட்டியும் சொல்லமாட்டாள், குறைத்தும் சொல்லமாட்டாள்.

மறுநாள் காலையில் அவள் சமுதாயக் கூடத்துக்குப் போனாள். முள்ளெலி அங்கே வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க எல்லாரும். வந்து பழையபடி கட்டுங்க. அந்த மனுசன் என்னைப் பார்த்து யாரு வீட்டம்மான்னு கேக்காரு."

"வாரோம் மதினி. வராம எங்க போவோம்? ஆனா ரெண்டு சங்கடம் இருக்கு. கட்டை எல்லாம் பந்தல்ல நிக்குது."

"அதை நான் பார்த்துக்கிடுதேன். இன்னொண்ணு?"

"உள்ள போறதுக்கு வழி வேணும். எங்களால வெறும் கம்பியைப் பிடிச்சுக் கட்டமுடியாது. அதுல ஏதாவது ஓடிக்கிட்டு இருக்கணும், ஓடும்போதுதான் பிடிக்கமுடியும். ஒரு கணு எரிஞ்சாப் போதும், அதைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா மத்த கணுவுக்குப் போயிருவோம். இந்தப் பத்து நாள்ல எல்லாம் சுருண்டு கெடக்கும். எது இன்னும் கொஞ்சம் தடிமனா மிச்சமிருக்கும்னா..." முள்ளெலி தயங்கினாள். "சொன்னா நீங்க வருத்தப்படுவிய."

"என் பேரு இல்லைங்கியா?"

"எட்டுப் பேரு முப்பத்தோரு வருஷம் நின்னு பார்த்தது ஒரே ஒரு கணு மதினி."

வள்ளிமயில் அழவில்லை. "சரி," என்றாள். "எந்தக் கதவு தெறக்குதோ அது வழியா வாங்க."

கொடைக்கு இரண்டே நாள் இருந்தது. கமிட்டிக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். அம்மனுக்கு நிழலா மாசானத்துக்கு மூளையா என்று ஒருவர் கேட்டார். அம்மன் வெயிலில் நிற்காதவளா என்று பூசாரி திருப்பிக் கேட்டதும், எல்லாருமாகச் சேர்ந்து பந்தலைப் பிரித்துக் கட்டைகளை எங்கள் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து அடுக்கினார்கள். அந்த வருஷக் கொடை கொளுத்துகிற வெயிலில்தான் நடந்தது, யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

தங்கப்பழத்தைக் கூப்பிடுவதுதான் சிரமமாக இருந்தது. "முப்பத்தோரு வருஷம் பேசாதவன்ட்ட இப்பப் போய்ப் பேசினா ஊரு என்ன சொல்லும்?" என்றான்.

"நீங்க பேசவே வேண்டாம்ண்ணே," என்றாள் வள்ளிமயில். "திட்டினாப் போதும்."

அன்று பக்கீர் கடையை அடைத்துவிட்டு வந்தார். முற்றத்தில் பெஞ்சையே கொண்டுவந்து போட்டார்கள், ஒரு முனையில் என்னையும் மறுமுனையில் அவனையும் உட்கார வைத்தார்கள். வந்த ஆட்கள் கடுகளவாகச் சுருங்கி என் தோளில் வரிசையாக நின்றார்கள், ஆளுக்கு ஒரு பல்குச்சியோடு. ஊர் சுற்றி நின்றது.

"பக்கீரு, அவன்ட்ட சொல்லு," என்றான் தங்கப்பழம். "மண்டபத்துல தொய்ஞ்சது அவன் வச்ச முட்டு."

பக்கீர் சொன்னார்.

"அப்பிடியா?" என்றேன். "என் தப்புதான். மன்னிச்சுக்கிடுங்க."

கூட்டத்தில் யாரோ வாய்விட்டு அழுதுவிட்டார்கள். தோளில் நின்ற முள்ளெலி கையை உதறினாள், ஒன்றும் ஓடவில்லை என்று அர்த்தம்.

தங்கப்பழம் வேர்வையைத் துடைத்தான். "பக்கீரு, அவன்ட்ட சொல்லு. அவனுக்கு முட்டு வைக்கவே தெரியாது. தென்னங்கன்னுக்குக்கூட அவனால முட்டு வைக்கமுடியாது."

"உண்மைதான்," என்றேன். "நீங்க ரொம்ப நல்லா வேலை பார்ப்பியன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

அப்படி நான் சொன்னதை அவனால் தாங்கமுடியவில்லை என்று பக்கீர் சொல்வார். கையிலிருந்த துண்டைத் தரையில் போட்டான், எழுந்தான், யாரும் உட்காராத அந்த நடு இடத்தில் வந்து உட்கார்ந்தான், என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான், பக்கீரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னான்:

"ஏலே மாசானம், கேளு. நடு முட்டு ரெண்டையும் ஒன்பதாம் நாளே உருவுனது நான்தாம்லே. பூச்சு வேலையைச் சீக்கிரம் முடிச்சிட்டு மச்சினன் கல்யாணத்துக்குப் போகணும்னு நான்தான் உருவுனேன். மண்ணு சரியில்லைன்னு பொய் சொன்னேன். ஒன் முட்டு நல்லாத்தான் நின்னுச்சு."

அப்புறம் என் இடது காதுமடல் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"அட... நாசமாப் போற பயலே!" என்று கத்தினேன். "பதினாலு நாள்லே! பதினாலு!"

"ஓடுது!" என்று கூவினாள் முள்ளெலி. "எரியுது, பிடிங்க, பிடிங்க!"

தோளில் நின்றவர்கள் என் காதுக்குள் பாய்ந்தார்கள். முற்றத்துக் கட்டைகள் பல்குச்சிகளாகச் சுருங்கிப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து உள்ளே போயின. நான் தங்கப்பழத்தின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தது, சீப்பு வந்தது, தெரு வந்தது, பக்கீர் வந்தார், என் அப்பா பேர் வந்தது. தங்கப்பழம் காலரை விடுவிக்காமல், "திட்டுலே, இன்னும் திட்டு" என்று அழுதுகொண்டே சிரித்தான். ஊர் கைதட்டியது.

மறுநாள் பத்து மணிக்கு பெஞ்சின் அந்த முனையிலிருந்து அவன் சொன்னான், "பக்கீரு, அவன்ட்ட சொல்லு. நேத்து சொன்னது ஆளை எழுப்பறதுக்காகச் சொன்ன பொய்யி. மண்ணுதான் சரியில்லை." அவன் எப்போது சொன்னது பொய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியும், ஆனால் நிரூபிக்கமுடியாது.

ஆனால் அதற்கு முன்னால், அன்று சாயங்காலமே, முற்றத்தில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருந்தபோது, காதோரம் முள்ளெலி வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, ஒரு விசயம். பதினாலு பேருதான் வந்திருக்கோம். ஒத்தக்கண்ணி தையல்கடையை விட்டு வரமாட்டேங்கா. இன்னும் ரெண்டு பேரு நூறு நாள் வேலையை முடிச்சுட்டு வாரேன்னு நிக்காங்க. இருக்க ஆளை வச்சு எல்லாக் கணுவையும் பிடிக்கமுடியாது. மண்டபத்துக் கணுவுக்கு எத்தனை பேரைப் போட?"

எதிரே வள்ளிமயில் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேனா என்று மத்தியானத்திலிருந்து காத்திருந்தாள், நானும் மத்தியானத்திலிருந்து தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு தெரிந்தது, அவள் என் வீட்டுக்காரி என்று தெரிந்தது, அதற்கு மேல் அந்தப் பக்கம் இருட்டாக இருந்தது.

முப்பத்தோரு வருஷம் எட்டுப் பேர் நின்று பார்த்த இடம். இப்போது அவனே வாயால் ஒப்புக்கொண்டுவிட்டான், இனிமேல்தான் அதை நாலு பேரிடம் சொல்லவே ஆசையாக இருக்கும்.

"ரெண்டு பேரைப் போடு," என்றேன்.

"ரெண்டா? நெசமாவா அண்ணாச்சி? விவரமெல்லாம் உதிர்ந்துபோகும். அப்புறம் பூச்சு வேலையா தளவேலையான்னுகூடச் சொல்ல வராது."

"போகட்டும். கோவம் மட்டும் நின்னாப் போதும்."

"மிச்சப் பேரு?"

துணியை மடித்துக்கொண்டிருந்தவளைக் கண்ணால் காட்டினேன். முள்ளெலி உள்ளே போனாள்.

எனக்குள் எங்கேயோ கட்டை நகர்கிற சத்தம் கேட்டது. முதலில் அவள் பேர் வரவில்லை, ஒரு செருப்பு வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு வருகிற வழியில் அறுந்துபோன, பச்சை வார் போட்ட புதுச் செருப்பு. யாருக்கும் தெரியாமல் அதைக் கழற்றிக் கல்யாணச் சேலை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு, சுடுகிற தார் ரோட்டில் ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுமையாகவும், முகத்தில் ஒன்றும் காட்டாமல் விலக்கிலிருந்து வீடுவரை நடந்துவந்த ஒரு பெண். பக்கத்தில் மாலையோடு நடந்த நான் அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு என் நடையைக் குறைத்திருக்கிறேன்.

"வள்ளிமயிலு," என்றேன்.

துணி கையிலிருந்து நழுவியது.

"அன்னைக்கு ஒன் செருப்பு அறுந்துச்சுல்லா. பச்சை வாரு. சேலைக்குள்ள ஒளிச்சு வச்சிட்டு நடந்து வந்தே. கால் சுட்டுச்சா?"

அவள் மெதுவாக வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

"பார்த்தியளா அதை?"

"பார்த்தேன்."

"நாப்பத்தி மூணு வருஷமா உள்ள வச்சிருந்தியளா? ஒரு நாளு, ஒரு வார்த்தை சொல்லலியே. ஏன்?"

உள்ளே முள்ளெலி யாரையோ சத்தம் போட்டு வேலை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஆளு பத்தல," என்றேன்.